வெள்ளைச் சாலையும் வெள்ளை மேடும்

மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கையில் சாப்பாட்டுப் பை, உடம்பில் ஸ்வெட்டர், கண்ணில் பாதித் தூக்கம். சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று பழைய சுரங்கங்களின் பெயர்களையே தாங்கி நிற்கும் சின்னஞ்சிறு நிலையங்களில் நின்று நின்று ஆளை ஏற்றிக்கொள்ளும் ரயில், பங்காருபேட்டை வழியாகப் பெங்களூரை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். கோலார் தங்கவயலின் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் இப்படித்தான் தினமும் பிழைப்புக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு ரயில் போனபின் சுரங்கப் பகுதிச் சாலைகள் வெறிச்சோடுகின்றன. லாரி இல்லை, ஹாரன் இல்லை. சைக்கிள்காரர் ஒருவருக்கு இதைவிட நல்ல வேளை வாய்க்காது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோடையிலும் காலைப் பொழுது குளுமையாக இருக்கும். சுரங்கக் கம்பெனி தன் வசதிக்காகப் போட்ட சாலைகளில் பல இடங்களில் தார் பெயர்ந்து ஜல்லி தெரிகிறது. ஓரத்தில் யூகலிப்டஸ், தூரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்ததுபோல் கருங்கல் பாறைகள், நடுவே துருப்பிடித்த சுரங்கக் கோபுரம். ஊரைத் தாண்டினால் ராகிக் கொல்லைகளுக்கும் ஏரிகளுக்கும் இடையே மண் பாதைகள். இந்த மாதிரிப் பாதைகளைத் தேடித்தான் இத்தாலிக்கு விமானம் ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 'கிராவல்' என்றால் வீட்டு மனையை மேடாக்க லாரியில் வந்து இறங்கும் செம்மண். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்று அது ஒரு விளையாட்டின் பெயர். கார்கள் வராத சரளைப் பாதையாகப் பார்த்து நாள் முழுக்கச் சைக்கிள் மிதிப்பது. இதற்கென்று தனி சைக்கிள் வந்துவிட்டது. விலை ஒரு மோட்டார் சைக்கிளை மிஞ்சும். உலக சாம்பியன்ஷிப் போட்டியும் வந்துவிட்டது. முதல் போட்டி 2022-ல் வட இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் நடந்தது.

ஆனால் இந்த மோகத்துக்குத் தாய்வீடு டஸ்கனி. ஃப்ளாரன்ஸ் நகருக்கும் சியெனா நகருக்கும் இடையில் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த கியாந்தி மலைச்சரிவுகளில் சுண்ணாம்புக் கல் தூளாகி வெளுத்துக் கிடக்கும் மண் சாலைகளை அந்த ஊர்க்காரர்கள் 'வெள்ளைச் சாலைகள்' என்கிறார்கள். தார் போட்டு இவை ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்த சமயத்தில், 1997-ல், கயோலே என்ற சிற்றூரில் ஜான்கார்லோ ப்ரோச்சி என்ற சைக்கிள் பித்தர் ஒரு சவாரிக்கு ஏற்பாடு செய்தார். பெயர் 'லெரோயிகா', அதாவது வீரச் சவாரி. வந்தவர்கள் 92 பேர். பழைய காலத்துச் சைக்கிளில், பழைய காலத்துக் கம்பளிச் சட்டையோடு, பழைய காலத்துச் சாலையில் ஓட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. 1987-க்குப் பிந்தைய சைக்கிளுக்கு அதில் இடமில்லை. பார்வைக்கு மாறுவேடப் போட்டி போலிருந்தாலும் ப்ரோச்சியின் நோக்கம் வேறு. சாலையைப் பயன்படுத்த ஆள் இருந்தால் அதன்மேல் தார் ஊற்ற யோசிப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு தப்பவில்லை. இன்று ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்ள இடம் கேட்டுக் காத்திருக்கிறார்கள். 200 கிலோமீட்டரைத் தாண்டும் நெடுஞ்சுற்றுக்கு நிரந்தர வழிகாட்டிப் பலகைகள் நட்டாயிற்று. 2007-ல் அதே பாதைகளில் தொழில்முறை வீரர்களுக்கான 'ஸ்த்ராதே பியாங்கே' பந்தயமும் பிறந்தது. சியெனாவின் புகழ்பெற்ற சதுக்கத்தில் அது முடியும்போது வீரர்களின் முகம் தூசி அப்பி அடையாளம் தெரியாமல் போயிருக்கும்.

அந்தச் சாலைகள் அவ்வளவு காலம் மண்ணாகவே கிடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சுற்றுலாக் கையேடுகள் அதை இரண்டு வரியில் கடந்துவிடும். டஸ்கனி நிலங்களில் பல நூற்றாண்டுகள் நடந்தது வாரச் சாகுபடி. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. புதிதாக வார ஒப்பந்தம் போடுவதை 1964-ல் சட்டமே தடுத்தது. அதற்கு முன்பே குடியானவர்கள் மாட்டையும் கலப்பையையும் விட்டுவிட்டு நகரத்துத் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பியிருந்தார்கள். பண்ணை வீடுகள் பூட்டிக் கிடந்தன. தார்ச் சாலை வேண்டும் என்று மனு கொடுக்கவும் ஆளில்லை. பின்னாளில் வெளிநாட்டுக்காரர்கள் அந்த வீடுகளை வாங்கிச் சுண்ணாம்பு அடித்தார்கள். அழகென்று இன்று காசு கொடுத்துப் பார்ப்பது, ஒரு தலைமுறை கைவிட்டுப் போன வெறுமையைத்தான்.

தங்கவயலின் வெறுமைக்கும் ஒரு தேதி இருக்கிறது. 2001 பிப்ரவரி 28. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் கையில் எடுத்த சுரங்கங்களை, அவற்றின் கடைசி உரிமையாளரான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடிய நாள் அது. நூற்றிருபது ஆண்டுகளில் இங்கே எடுத்த தங்கம் சுமார் 800 டன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து அந்த ஆழத்துக்கு இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும்தான் இன்று மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுகிறார்கள். டஸ்கனிக்கும் தங்கவயலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். இங்கே வேலை மட்டும் போயிற்று, ஜனம் போகவில்லை. கம்பெனி கட்டிய லைன் வீடுகளிலேயே இருந்துகொண்டு, அந்த வீடுகளின் உரிமைக்காக நெடுங்காலம் போராடிக்கொண்டு, நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சம்பாதித்து வருகிறார்கள்.

ஆகவே, 'ஆளரவமற்ற அற்புதப் பாதைகள்' என்று தங்கவயலை விளம்பரப்படுத்தக் கிளம்புகிறவர் கொஞ்சம் யோசிப்பது நல்லது. ஆனால் பாதைகள் அற்புதமானவை என்பதில் சந்தேகமில்லை.

ராபர்ட்சன்பேட்டையின் நேர்கோட்டுத் தெருக்களில் புறப்படும் சைக்கிள், ஊர் எல்லையைத் தாண்டிய சிறிது நேரத்திலேயே வேறு உலகத்துக்குள் நுழைகிறது. சுமார் பத்து கிலோமீட்டரில் பேத்தமங்கலம் ஏரி. வேலூருக்கும் ஆம்பூருக்கும் வெறும் மணலாகவே பழகிப்போன பாலாறு இங்கே ஏரியாகத் தேங்கி நிற்கும். சுரங்கத்துக்கும் ஊருக்கும் குடிநீர் கொடுக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனிக்காரர்கள் தேர்ந்தெடுத்த ஏரி இது. மறுபக்கம் போனால் கம்மசந்திராவில் கோடிலிங்கேஸ்வரர் கோவில். 108 அடி உயர லிங்கத்தைச் சுற்றி லட்சக்கணக்கில் சிறு லிங்கங்கள். பண்டிகை நாளில் பஸ்ஸும் வேனும் மொய்க்கும். வார நாள் காலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிதானமாகக் கும்பிடலாம்.

இவற்றுக்கு இடையில் தார்ச் சாலையை விட்டு விலகினால் ஏரிக்கரைகள். கோலார் வறண்ட மாவட்டம் என்பதனாலேயே ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஆற்றை நம்ப முடியாத முன்னோர் பள்ளம் கண்ட இடத்திலெல்லாம் கரை கட்டினார்கள். ஒரு ஏரிக்கரையில் ஏறி இறங்கினால் வண்டிப்பாதை, அது முடியும் இடத்தில் அடுத்த ஏரி. வெகுகாலம் வறண்டு கிடந்த மாவட்டத்தின் பல ஏரிகளுக்கு 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் குழாயில் வருகிறது. அந்தச் சுத்திகரிப்பு போதுமா என்ற சண்டை ஓயவில்லை; கொக்கும் நாரையும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இந்தப் பாதைகளுக்கு இறக்குமதிச் சைக்கிள் வேண்டுமா என்றால், அவசியமில்லை. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. முப்பத்தெட்டு, நாற்பது மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்தான் சரளைக்குச் சரி என்பது மேல்நாட்டு நிபுணர்களின் முடிவு. மெல்லிய டயரில் கல்லென்று காற்றடித்துக்கொண்டு தார்ச் சாலையில் பறந்தவர்கள், டயரை அகலமாக்கிக் காற்றைக் குறைத்தால் சரளையில் வழுக்காது, முதுகும் தப்பும் என்று பிற்பாடு கண்டுகொண்டார்கள். நம் ஊர்ப் பால்காரரின் சைக்கிளில் 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர். ஒன்றரை அங்குலம் என்பது ஏறக்குறைய அதே முப்பத்தெட்டு மில்லிமீட்டர். பிர்மிங்ஹாம் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1949-ல் தொடங்கிய சென்னையின் டி.ஐ. சைக்கிள்ஸ் வெளியிட்ட ஹெர்குலிஸ் வண்டிகளும், வடக்கே அட்லஸ், ஹீரோ வண்டிகளும் மண் சாலைக்கென்றே இந்த அளவில் வந்தன. நமக்கு அப்போது இருந்ததே மண் சாலைதான்.

எடையும் பிரேக்கும்தான் வில்லங்கம். பால்காரர் சைக்கிள் இருபது கிலோ, கியர் ஒன்றே ஒன்று, கம்பி பிரேக் மழை நாளில் சொன்ன பேச்சுக் கேட்காது. புதிய வண்டிக்குப் பாதி எடை, மேட்டில் ஏறச் சின்ன கியர், வட்டு பிரேக். தங்கவயலைச் சுற்றி ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் மூச்சு முட்டும் மலை கிடையாது. சாதாரண கியர் சைக்கிளில் அகல டயர் மாட்டி, காற்றைக் கொஞ்சம் குறைத்து, உபரி டியூபும் இரண்டு பாட்டில் தண்ணீரும் வைத்துக்கொண்டால் போதும். வேலி முள் உதிர்ந்து கிடக்கும் பாதைகளில் டியூப் ஒன்றுக்கு இரண்டாக இருப்பது உத்தமம்.

சைக்கிள் போகக் கூடாத இடமும் உண்டு. படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் ஓடுவது அங்கேதான்.

ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரிகின்றன அந்த மேடுகள். பல மாடி உயரம், தட்டையான உச்சி, மழை அரித்த மடிப்புகள். தூரத்தில் வெளிர் சாம்பல், வெயில் ஏறினால் வெள்ளை. டஸ்கனியின் வெள்ளைச் சாலையைப் படத்தில் பார்த்த ஒருவருக்கு இதுவும் அதே ஜாதி என்று தோன்றினால் ஆச்சரியமில்லை. ஆனால் இது மண் அல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்து எடுத்தபின் மிஞ்சிய சக்கை. ஊர்க்காரர்களுக்கு இது சயனைடு மேடு. மூன்று கோடி டன்னுக்கும் மேல் குவிந்திருக்கும் இந்தத் தூளில் பெரும்பகுதி சிலிக்கா. சுரங்கத்துக்குள்ளே தொழிலாளிகளின் நுரையீரலை இறுக்கிக் கொன்ற சிலிகோசிஸ் நோய்க்குக் காரணம் இதே பொருள்தான். காற்று பலமாக வீசும் மாதங்களில் மேட்டிலிருந்து தூசி கிளம்பி லைன் வீடுகளுக்குள் இறங்குகிறது. சோற்றில், துணியில், குழந்தையின் படுக்கையில் அது படிகிறது. மூச்சுத் திணறல், தோல் அரிப்பு என்று மக்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லி வருகிறார்கள்.

2018-ல் 'கே.ஜி.எஃப்.' என்ற கன்னடப் படம் வந்து நாடெங்கும் ஓடிய பிறகு இந்த மேடுகளைப் பார்க்க வெளியூர்க் கூட்டம் வருகிறது. உச்சியில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சைக்கிளையும் தூக்கிக்கொண்டு ஏற ஆசைப்படுகிறவர் ஒன்றை நினைவில் வைக்கட்டும்: மழை பெய்தபின் மேற்பரப்பில் கட்டும் பொருக்குதான் தூசியைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருக்கிறது. சக்கரம் அதைக் கிழித்தால் தூசி போய்ச் சேர்வது ஓட்டியவரின் வீட்டுக்கு அல்ல. மூடிய சுரங்க வளாகங்களும் அப்படியே. காவல் இருக்கிறது, அனுமதி இல்லை, கைவிட்ட பழைய குழிகள் எங்கே வாய் திறந்திருக்கின்றன என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

மேடுகளுக்கும் காலம் நெருங்குகிறது. 13 மேடுகள், ஏறத்தாழ 1,000 ஏக்கர். சக்கையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் தங்கத்தை நவீன முறையில் பிரித்தெடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. வேலை வரும் என்ற நம்பிக்கை ஊரில் ஒருபுறம். கெட்டிப்பட்ட மேட்டைக் கிளறினால் தூசி என்னாகும் என்ற கவலை மறுபுறம். இரண்டும் நியாயமே. அதே ஆண்டு டிசம்பரில் பெங்களூர்-சென்னை அதிவேகச் சாலையின் கர்நாடகப் பகுதி ஹோஸ்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் பக்கம் வரை போக்குவரத்துக்குத் திறந்தது. அந்தச் சாலையில் சைக்கிளுக்கு இடமில்லை. ஆனால் பெங்களூர்க் கார் ஒன்றரை மணி நேரத்தில் தங்கவயலைத் தொட்டுவிடும். நிலத்தின் விலையும் மனைப்பிரிவுக் கற்களும் அதன் பின்னாலேயே வரும். இன்று காலியாக இருக்கும் பாதைகள் இப்படியே கிடக்கப்போவதில்லை.

எனில் ப்ரோச்சி செய்ததை இங்கேயும் செய்தால் என்ன? அப்படியே செய்ய முடியாது என்பதுதான் நேர்மையான பதில். டஸ்கனியில் மண் சாலையைக் காப்பாற்றுங்கள் என்றால் கைதட்டல் கிடைக்கும். கோலார் கிராமத்தில் அதைச் சொன்னால் உதைதான் கிடைக்கும். பட்டு, பால், தங்கம் என்று பெயர் வாங்கிய மாவட்டத்தில் தங்கம் போய், பால் நிற்கிறது. பால் வண்டி வரவும், தக்காளி மண்டிக்குப் போகவும், பிரசவ வலியெடுத்தவளை ஆஸ்பத்திரி சேர்க்கவும் தார்ச் சாலை வேண்டும். கிராமச் சாலைகளுக்குத் தார் வந்ததை எந்தச் சைக்கிள்காரரும் குறை சொல்லக்கூடாது. கேட்கக்கூடியது வேறு. ஏரிக்கரைகளையும் பழைய வண்டிப்பாதைகளையும் ஆக்கிரமிப்பு இல்லாமல் வைத்திருப்பது. சுரங்க நிலம் கைமாறும்போது குப்பை மேட்டையும் தொழிற்பேட்டையையும் மட்டும் வரைபடத்தில் குறிக்காமல், லைன்களை ஒன்றோடொன்று இணைக்கும் பாதைகளைப் பொதுவழியென்று எழுதி வைப்பது. அதனால் முதலில் பயன்பெறுவது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். சுற்றுலாச் சைக்கிள் அதற்கப்புறம்.

ரயில் விஷயத்தில் ஒரு சிறு மாற்றம் போதும். இத்தாலியின் உள்ளூர் ரயில்களில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுத்துக் கூடவே ஏற்றிக்கொள்ளலாம். மலைக் கிராமங்களுக்கு வாடிக்கையாளர் வந்து சேர்வது அப்படித்தான். மாரிக்குப்பம் ரயில்களில் அதற்கென்று ஓர் இடமும் ஒதுக்கப்படவில்லை. காலையில் பெங்களூர் போகும் ரயில் நிரம்பி வழிகிறது, சரி. ஆனால் அதே நேரத்தில் பெங்களூரிலிருந்து எதிர்த் திசையில் வரும் வண்டிகளில் அந்த நெரிசல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெட்டியின் ஓரத்தில் பத்து சைக்கிளுக்கு இடம் விட்டால், 100 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் லாரிகளோடு உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். மாரிக்குப்பத்தில் இறங்கி மிதிக்கத் தொடங்கலாம்.

அந்தப் பத்துப் பேருக்கும் காலைப் பலகாரம் வேண்டும். சுரங்கம் எங்கே இருந்தது, யார் எந்த ஷாஃப்டில் இறங்கினார்கள் என்று சொல்ல ஆள் வேண்டும். ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளிகள் இன்னும் லைன்களில் இருக்கிறார்கள். அவர்களைவிட நல்ல வழிகாட்டி கிடையாது, இருபது ஆண்டு கழித்து அவர்களும் இருக்க மாட்டார்கள். முள் குத்திய டியூபுக்கு ஒட்டுப் போடவும் ஆள் வேண்டும். அந்தத் தொழில் தெரிந்தவர் ஆண்டர்சன்பேட்டையிலும் உண்டு, ராபர்ட்சன்பேட்டையிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் திறந்து வைத்தால் சரி.